சீஸ் பாக்கெட்டில் 'என்சைம்' என்று இருந்தால்?

சீஸ் பாக்கெட்டின் பின்புறம் பால், உப்பு என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் 'என்சைம்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். இது ஹலாலா, இல்லையா என்ற குழப்பத்தில் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டு வருபவர்கள் நம்மில் உண்டு. அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

என்சைம் என்பதைப் பள்ளிப் பாடத்தில் நொதி என்று படித்திருப்போம். நொதி எந்தப் பொருளின் மீது வேலை செய்கிறதோ அது தளப்பொருள். சீஸ் தயாரிப்பில் முக்கியமான நொதி கைமோசின். பால்குடிக் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கும் 'ரென்னட்' சாற்றில் இருப்பது இதுதான்.

பாலில் கேசீன் என்னும் புரதம் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டையின் மேற்பரப்பில் கப்பா கேசீன் என்ற வகை, மயிர்க்கால்கள் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. அதனால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன; பாலும் திரவமாகவே இருக்கிறது.

கைமோசினின் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. கப்பா கேசீனில் உள்ள 169 அமினோ அமிலங்களில் 105, 106 ஆகிய இரண்டுக்கும் இடையிலான பிணைப்பு அந்தப் பள்ளத்தில் வந்து அமர்கிறது. வெட்டப்படும் இடம் மட்டுமல்ல, அதன் இருபுறமும் உள்ள அமினோ அமிலங்களும் பொருந்தியாக வேண்டும். அதனால்தான் கண்ட இடத்தில் வெட்டாமல் குறிப்பாக அந்த இடத்தில் வெட்டுகிறது. பள்ளத்தில் உள்ள இரண்டு அஸ்பார்டிக் அமிலங்கள் ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டிவிட, அது பிணைப்பைத் தாக்கி உடைக்கிறது. மயிர்க்கால் கழன்று மோர் போன்ற தெளிநீரில் போய்விடும். தடுப்பு போனதும் உருண்டைகள் கால்சியத்தின் துணையோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. நொதியோ செலவாகாமல் அடுத்த மூலக்கூறுக்குப் போகிறது. ஒரு பாத்திரம் பாலுக்குச் சில சொட்டுகள் போதும் என்பதன் காரணம் இதுவே.

இந்தப் பொருத்தத்தை, பூட்டுக்குச் சாவி போல என்று 1894-ல் எமில் ஃபிஷர் விளக்கினார். தளப்பொருள் வந்ததும் நொதியும் சற்று வடிவம் மாறி அதை அணைத்துக்கொள்கிறது என்று 1958-ல் டேனியல் கோஷ்லாண்ட் திருத்திச் சொன்னார். கைமோசினிலும் பள்ளத்தின் மேல் மடல் போன்ற ஒரு பகுதி அசைந்து கொடுக்கிறது.

(நம் வீட்டுப் பனீருக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே பாலைத் திரிப்பது எலுமிச்சையின் அமிலம்.)

இனி மார்க்க விஷயம். முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரென்னட் நஜிஸ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதைத் தூய்மையானதாகவே கருதினார்கள். ஆனால் இன்று எல்லா சீஸும் கன்றின் இரைப்பையை நம்பி இல்லை. கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் செலுத்தி உண்டாக்கும் கைமோசினுக்கு 1990-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. சில பூஞ்சைகளின் நொதிகளும் அதே பிணைப்பை வெட்டக்கூடியவை. அவை மற்ற இடங்களையும் கொஞ்சம் வெட்டுவதால், நாள்பட்ட சீஸில் சிலசமயம் கசப்பு தட்டும்.

இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பச்சைக் குறி இருந்தால், விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்க்கவில்லை என்று கொள்ளலாம். வெளிநாட்டுச் சரக்கில் 'மைக்ரோபியல்' என்ற சொல்லையோ ஹலால் சான்றையோ தேடுங்கள். இரண்டும் இல்லாமல் வெறும் 'என்சைம்' என்று மட்டும் இருந்தால், தயாரிப்பாளரிடம் கேட்காமல் அது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.