கள்ளுக்கடை வாசலில் நின்ற தொண்டர் படை



இளைஞர் மன்றம், மாதர் பகுதி, ஆலயத் தொண்டர் குழு என்று ஊருக்கு உழைக்கும் அமைப்புகள் பலவற்றை நாம் பார்க்கிறோம். திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் போடுவதும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பதும், இறப்பு வீட்டில் முன்னின்று உதவுவதும் இவர்களே. இத்தகைய தொண்டுக்கு நம் தோட்டப்புறத்தில் ஒரு பழைய வரலாறு உண்டு. கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு வடக்கே உள்ள பீடோங் என்னும் சிறு பட்டணத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில், போர் முடிந்த பின் 'தொண்டர் படை' என்றோர் அமைப்பு தோன்றியது. குடிக்காதீர்கள் என்று சொல்வதே அதன் முதல் வேலை. அப்படிப்பட்ட அமைப்பின்மீது அரசாங்கம் போலீசை ஏவியது ஏன்? இன்றைய உரையில் இக்கேள்விக்கு விடை காண்போம்.

முதலில் கள்ளுக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, நிரை பிடித்துப் பால் வெட்டி, ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு, மாலையில் போய் உட்கார வேறு இடம் அரிதாகவே இருந்தது. பட்டணம் தொலைவு, படிப்பகம் கிடையாது. கள்ளுக்கடையோ பல தோட்டங்களில் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அது ஒளித்து நடத்திய கடையன்று. அரசாங்க உரிமம் பெற்று, வெளிப்படையாக நடந்த கடை. அதன் ஆதாயத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்படுகிறது என்றும் நியாயம் சொல்லப்பட்டது. குடித்தவரின் காசைக் கொண்டே அவருக்கு நலன் செய்வது என்ன நலன் என்று கேட்பதற்கு அன்று ஆள் குறைவு.

1930களில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருந்தது. பெண்ணுக்கு அதனினும் குறைவு. சம்பள நாளன்று கைக்கு வந்த காசில் ஒரு பகுதி, மாலைக்குள் கள்ளுக்கடை வழியே வந்த இடத்துக்கே திரும்பியது. எஞ்சியதில்தான் மளிகைக் கடனையும், பிள்ளைகளின் துணிமணியையும், நோய்நொடியையும் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்த பெண்ணும் அதே காலையில் எழுந்து, அதே மரத்தில் பால் வெட்டியவள்தான். கள்ளுக்கடைக் கணக்கை இறுதியில் தீர்த்தவள் அவளே.

தொழிலாளர்கள் இதை உணராமல் இருந்துவிடவில்லை. 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், நம் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்கடையும் சைக்கிளும் ஒரே பட்டியலில் வந்ததை நாம் கவனிக்க வேண்டும். இரண்டுமே மானத்தைப் பற்றிய கோரிக்கைகள். அப்போராட்டம் படைபலத்தால் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அவ்வாண்டின் இறுதியில் போர் மூண்டு, ஜப்பானியர் வந்தனர். அந்த மூன்றரை ஆண்டுகளில் தோட்டத்து மக்கள் பட்ட துயரத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சயாம் ரயில் பாதை போட ஆயிரக்கணக்கானோர் கொண்டு செல்லப்பட்டனர். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்தியத் தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். தோட்டத்து இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். துரையைக் கண்டதும் ஒதுங்கி நின்றவர்கள் சீருடை அணிந்து நிமிர்ந்து நடந்தார்கள். போரில் அந்தப் படை தோற்றது. ஆனால் நிமிர்ந்து நடந்த பழக்கம் அதனோடு போய்விடவில்லை.

1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். அரிசிப் பஞ்சம், விலைவாசி ஏற்றம், பழைய கூலி முறை ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளும் திரும்பின. இந்தச் சூழ்நிலையில்தான் 1946ஆம் ஆண்டு வாக்கில் பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் தொண்டர் படை வலுப்பெற்றது. அதன் தலைவராக விளங்கியவர் ஏ. எம். சாமி. தோட்டத் தொழிலாளர்களே அதன் உறுப்பினர்கள். அவர்கள் சீருடை அணிந்து அணிவகுப்புப் பயிற்சி செய்தார்கள், கட்டுப்பாட்டைக் கற்றார்கள். குடிப்பழக்கத்தை விடும்படி மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியலும் செய்தார்கள். இயக்கம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது.

நிர்வாகமும் அரசாங்கமும் இதை ஏன் அஞ்சின? கள் விற்பனை குறைந்தால் வருமானம் குறையும் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் காலையில் எழுவது முதல் மாலையில் ஓய்வது வரை எல்லாமே மேலிருந்து வந்த கட்டளை. துரை, கிராணி, தண்டல் என்று அந்தக் கட்டளை படிப்படியாக இறங்கி லயத்துக்கு வரும். தொண்டர் படையில் தொழிலாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி வகுத்துக்கொண்டு, அதன்படி நடக்க முற்பட்டார்கள். குடிப்பதில்லை என்று கூடி முடிவு செய்தவர்கள், நாளை இந்தக் கூலிக்கு வேலை செய்வதில்லை என்றும் கூடி முடிவு செய்யலாம் அல்லவா? அதே காலத்தில் கெடா தோட்டங்களில் கூலிப் போராட்டங்களும் நடந்துகொண்டிருந்தன. ஆகவே சீருடையும் அணிவகுப்பும் ஆட்சியாளர் கண்ணுக்கு ஒரு தனிப்படையாகவே தெரிந்தன.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை மறியலின்போது போலீசாருடன் மோதல் ஏற்பட்டது. அதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்துக்குள் போலீஸ் புகுந்தது; தொழிலாளர் பலர் கைதாகிச் சிறை சென்றனர். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது; அங்கும் உயிர் போயிற்று. இவ்வாறு தொண்டர் படை ஒடுக்கப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தபின் அத்தகைய இயக்கத்துக்கு இடமே இல்லாமற் போயிற்று.

வரலாற்றைப் பேசும்போது நாம் ஒருபக்கமாக மட்டும் பேசிவிடக் கூடாது. மறியல் என்ற பெயரில் மிரட்டலும் நடந்தது என்று அன்று குற்றம் சாட்டப்பட்டது. ஆர்வம் மிகுந்த இளைஞர் கூட்டத்தில் அப்படி நடந்திருக்காது என்று உறுதி கூற யாராலும் முடியாது. அன்பால் நிறுத்திய குடி நிலைக்கும். அச்சத்தால் நிறுத்திய குடி, அச்சுறுத்தியவர் போனதும் திரும்பி வரும். தொண்டர் படை மறைந்த பிறகும் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் பல ஆண்டுகள் நீடித்தன. பின்னாளில் கள்ளை விடக் கொடிய மலிவுச் சம்சு பல குடும்பங்களைச் சீரழித்ததையும் நாம் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம்.

ஆயினும் அந்த முயற்சி வீண் போயிற்று என்று நாம் எண்ண வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஒரு தலைவரோ துரையோ வந்து திருத்தும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் லயத்தின் குறையைத் தாங்களே கண்டு, தாங்களே களைய எழுந்தார்கள். மாலையில் கள்ளுக்கடையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு, அணிவகுப்புத் திடல் ஓர் இடமாயிற்று. இன்று தோட்டங்கள் பல விற்கப்பட்டு, நம் குடும்பங்களில் மிகுதியானவை பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டன. அங்கும் நம் பிள்ளைகள் மாலையில் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஒரு மன்றத்தின் தகுதியை அதன் ஆண்டுவிழா மேடையைப் பார்த்து நாம் அளக்க வேண்டாம். சாதாரண நாள் மாலையில் அதன் கதவு திறந்திருக்கிறதா, உள்ளே ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்கிறதா, விளையாடுகிறதா என்று பார்த்து அளப்போம்.

நேயர்களே, பீடோங் சுற்று வட்டாரத்திலிருந்து வந்த மூத்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், தொண்டர் படையைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இருந்தாலும் கேளுங்கள். எந்தத் தோட்டம், யார் யார் சேர்ந்தார்கள், வீட்டுப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கள்ளுக்கடை வாசலில் நின்றவர்களின் பெயர்களை நாமே எழுதி வைப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய தொண்டு.