உணர்வுச் சோர்வு

பிறர் துயரத்தை நெடுங்காலம் ஓயாமல் தாங்கி உழைப்பவருக்கு மனத்தெம்பு வற்றிப்போகும் நிலையே உணர்வுச் சோர்வு. செவிலியர், ஆசிரியர், சமூகப் பணியாளர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். 'பர்ன்அவுட்' எனப்படும் பணிச்சோர்வின் மையக்கூறும் இதுவே.

ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றினார். ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் ஏறத்தாழ ஓராண்டில் துவண்டுபோவதைக் கண்டார், அவரும் துவண்டார். விடாத சளி, தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, சட்டென்று வரும் கோபம் என அறிகுறிகளை 1974இல் கட்டுரையாக்கினார். வேலையில் முழு ஈடுபாடு கொண்டவர்களே எளிதில் பணிச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்பது அவர் கண்டது. சோர்ந்தவரைச் சோம்பேறி என்பது எவ்வளவு அநியாயம்!

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட பணிச்சோர்வு அளவுகோலின் 22 கூற்றுகளில் 9 உணர்வுச் சோர்வைப் பற்றியவை. மற்றவை, மனிதர்களிடமிருந்து மனம் விலகுவதையும் சாதித்த நிறைவு குன்றுவதையும் அளக்கின்றன. அப்படி மனம் விலகும்போது, நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்த செவிலியர், 'ஏழாம் நம்பர் பெட்' என்று சொல்லத் தொடங்குவார். அது கல்மனம் அன்று. மிச்சமிருக்கும் தெம்பைக் காத்துக்கொள்ளும் முயற்சி.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தொழில்சார் நிகழ்வாக வகைப்படுத்தியது, நோயாக அல்ல. ஆனால் வேலையை விட்டு விலகியிருக்கும்போதும் எதிலும் நாட்டமில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

தூக்கம், பணிநேரம் முடிந்தபின் வேலை நினைப்பை விடுதல், மனத்துக்குப் பிடித்த ஒன்றைக் கற்றல் ஆகியவை மீட்சிக்கு உதவும். விடுப்பு மட்டும் போதாது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறையில் தணிந்த சோர்வு, பணிக்குத் திரும்பிய மூன்று வாரங்களில் பழைய அளவுக்கே வந்துவிட்டது. பணிநேரத்துக்கு வரம்பு, கடினமான வேலையை ஒருவர் தலையிலேயே கட்டாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தல் என்று ஃப்ராய்டன்பெர்கர் சொன்ன வழிகள் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. வீட்டில் நோயாளியைப் பார்ப்பவருக்கோ ஷிப்டே கிடையாது. 'உடம்பைப் பார்த்துக்கோ' என்ற அறிவுரையைவிட, வாரத்தில் இரண்டு இரவு இன்னொருவர் முறை வைத்துக் கண்விழிப்பதே அவருக்கு உதவி.