கோணமலைத் தூண்களும் சந்திரப் பலகையும்

வெல்லாவெளியைச் சூழ்ந்த படுவான்கரை வயல்களில் வாழ்வோர், தமக்கு வடக்கேயுள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் கல் நந்தி புல்லைத் தின்று சாணமிட்டுப் பறங்கியரை அஞ்சியோடச் செய்தது என்னும் ஐதிகத்தை இன்றும் பக்தியுடன் உரைப்பர். திருக்கோணமலைக்கு அத்தகைய ரட்சணை வாய்க்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்கு உபயோகித்து, எஞ்சியவை கடலுள் வீழ்ந்து கிடக்க, 1956இல், அவ்வாலயம் நின்ற சுவாமி மலையின் அடிவாரக் கடலில் மூழ்கிய மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும், பாசி படிந்த பாறைகளுக்கிடையே, சிற்பியின் உளி பட்ட தூண்களைக் கண்டனர்.

அதே கிளார்க் 1968இல் வெளியிட்ட ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ நாவலில், சந்திரனின் டைக்கோ பள்ளத்தில் தோண்டியெடுக்கப்படும் கரிய பலகை, 1:4:9 என்னும் விகிதத்தில் அமைந்து, தன்னை நாட்டியவர் யாவரென்று உணர்த்தும் ஓரெழுத்தும் இன்றி நிற்கிறது. கோணமலைக் கடலே இக்கற்பனையின் ஜனனஸ்தானம் என்று கொண்டாட நம்மவர்க்கு ஆசை எழலாம். ஆயினும் அதன் வித்தான ‘தி சென்டினல்’ சிறுகதையை அவர் இலங்கையில் குடியேறுமுன்பே, 1948இல், எழுதிவிட்டார். இத்தீவுக்கு நியாயமாக உரியது 1979இல் வந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’. அதில் காசியப்பனின் சிகிரியா ‘யக்ககல’ என்றும், சிவனொளிபாதமலை ‘ஸ்ரீகந்த’ என்றும் வேடம் பூண, அம்மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் தூக்கிக்குப் பூமத்தியரேகை அவசியமானபடியால், தீவு முழுவதையுமே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார் ஆசிரியர்.