பெற்றார் கையொப்பம்

செப்ரெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரத்தில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து முதலாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பைக்குள் ஒரு கடிதம் வீட்டுக்கு வரும். எந்த நாள் நூலகம், எந்த நாள் உடற்பயிற்சி, சாப்பாட்டுப் பெட்டியில் கச்சான் வைக்கக் கூடாது, மாற்று உடுப்பு ஒன்று அனுப்ப வேண்டும், ஒவ்வொரு இரவும் பிள்ளையோடு இருந்து கொஞ்ச நேரம் வாசிக்க வேண்டும் என்று ரீச்சர் எழுதியிருப்பார். அடியில் ஒரு கோடு. கோட்டின் கீழே 'பெற்றார் கையொப்பம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். நோர்வேயிலும் ஜேர்மனியிலும் பிரான்சிலும் இருப்பவர்களுக்கும் இந்தக் கடிதம் வேறு மொழியில், வேறு வடிவத்தில் பழக்கமானதுதான்.

இரவு வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒப்பமிட்டு அனுப்பிவிடும் இந்தத் தாளுக்கு நீண்ட வரலாறு ஒன்று உண்டு. யார் பெற்றாராகக் கணக்கில் எடுக்கப்பட்டார்கள், யார் எடுக்கப்படவில்லை என்பதே அந்த வரலாறு. அதைத் தெரிந்துகொண்டால் கோட்டுக்கு மேலே எழுதியிருப்பதை வேறு விதமாக வாசிக்கலாம். கோட்டுக்குக் கீழே எங்களுக்கும் எழுத இடமிருப்பது தெரியும்.

முதலில் எங்கள் பக்கத்தைப் பார்ப்போம். முதலாம் வகுப்பை நாங்கள் அரிவரி என்றோம். விஜயதசமியில் ஏடு தொடக்கி, அரிசியில் விரல் பிடித்து எழுதிய பிள்ளை, திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியது. பாடத்தை எல்லாப் பிள்ளைகளும் உரத்துச் சொன்னார்கள். தெருவால் போகிற தாய்க்குத் தன் பிள்ளையின் குரல் கேட்கும். வாத்தியாருக்குக் கூலியும் நெல்லும் கொடுப்பது பெற்றார். நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் வாத்தியாரோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் கடிதம் தேவைப்படவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கவில்லை, பெண்பிள்ளைகள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே செய்தி தெரிந்த பெற்றார் என்பவர்கள் ஊரில் ஒரு பகுதியினர் மட்டுமே.

1816இல் அமெரிக்க மிஷனறிமார் தெல்லிப்பழையில் பணி தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையும் வந்தன. விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் பலரின் செலவை அமெரிக்காவில் இருந்த கொடையாளிகள் ஏற்றார்கள். அந்தக் கொடையாளிகளின் பெயர்களே பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் மிஷனறிச் சஞ்சிகைகள் வழியாகக் கடல் கடந்து போயின. பணம் கொடுத்தவருக்கு அறிக்கை போனது. பெற்றவளுக்கு என்ன போனது என்ற கேள்வியை எங்கள் கல்வி வரலாற்றை எழுதியவர்கள் அதிகம் கேட்டதில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் வீடுகளில் பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்தினார் என்பார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும், பள்ளிக்கூடத்தின் கணக்கு திரும்பவும் அடுப்படியோடு தொடுக்கப்பட்டது அங்கேதான்.

எங்கள் தலைமுறை படித்த காலத்தில் இந்த உறவு வேறொன்றாகிவிட்டது. தவணை முடிவில் றிப்போட் வரும். அதில் புள்ளிகளும் 'எத்தனையாம் பிள்ளை' என்பதும் இருக்கும். இடையில் வீட்டுக்குச் செய்தி வந்தால் அது ஒரே செய்திதான்: நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அழைப்பு என்றால் குற்றம் நடந்திருக்கிறது என்பதே எங்களுக்குள் பதிந்தது. அந்தப் பயத்தையும் பெட்டியோடு கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினோம்.

நாங்கள் வந்து இறங்கிய ஒன்ராறியோவிலும் பெற்றாருக்கு எல்லாம் சொல்லும் பழக்கம் ஆதியிலிருந்து இருந்ததில்லை. 1844இல் கல்வி அத்தியட்சகராகப் பதவியேற்ற எகேர்ட்டன் றையேர்சன் 1876 வரை இந்த மாகாணத்தின் பள்ளி முறையைக் கட்டியெழுப்பினார். 1850ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டம் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்வையிடும் உரிமை உள்ளவர்களைப் பட்டியலிட்டது. மதகுருமார், நீதிபதிகள், சட்டசபை உறுப்பினர்கள், உள்ளூர்ச் சபையார் என்று அது போகும். தாய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே சட்டம் ஆசிரியருக்கு ஒரு கடமையையும் விதித்தது: காலாண்டுக்கு ஒருமுறை பகிரங்கமாகப் பரீட்சை நடத்த வேண்டும், அதைப் பற்றிப் பிள்ளைகள் வழியாகப் பெற்றாருக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளை வழியாக! வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் பிள்ளையே தூதர் என்ற ஏற்பாடு அன்றே எழுத்தில் வந்துவிட்டது. 1871இல் பள்ளிக்கு வருவது கட்டாயமாகியபோது, பிள்ளையைத் தர வேண்டியது பெற்றாரின் சட்டக் கடமையாயிற்று. பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டிய கடமை அந்த அளவுக்கு வளரவில்லை.

அதை வளர்த்தவர்கள் தாய்மார். 1897இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் அலிஸ் பேர்னி, ஃபீபி ஹேர்ஸ்ட் ஆகிய இருவரின் முயற்சியால் தாய்மாரின் தேசியப் பேரவை கூடியது. பின்னாளில் பெற்றார் ஆசிரியர் சங்கமாக வளர்ந்தது அதுதான். அந்தக் காலத்திலேயே வீட்டுவேலை பெரிய சண்டைப் பொருளாகியிருந்தது. இரவில் பிள்ளையை விளக்கின் முன் இருத்தி உடம்பைக் கெடுப்பது அநியாயம் என்று 1900இல் எட்வேர்ட் பொக் என்ற பத்திரிகையாசிரியர் பெண்கள் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். 1901இல் கலிபோர்னியா மாநிலம் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வீட்டுவேலை கொடுப்பதையே சட்டத்தால் தடுத்தது. பள்ளிக்கூடத்தின் கை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் நீளலாம் என்பதுதான் அந்தச் சண்டையின் உட்பொருள். ரொறன்ரோவில் 1916இல் அடா கோர்ட்டிஸ் என்ற பெண்மணி வீடும் பள்ளியும் என்ற பெயரில் பெற்றார் சங்கங்களை ஒன்றுசேர்த்தார். மாலைக் கூட்டம், தேநீர், ரீச்சரோடு நேரில் பேச்சு என்பவை இப்படித்தான் வேர்கொண்டன. ஆனால் அந்தக் கூட்டங்களில் இயல்பாகப் பேச முடிந்தவர்கள், ரீச்சரின் மொழியும் ரீச்சரின் வர்க்கமும் தங்களுடையதாக இருந்தவர்கள்.

இதே நாட்டில் இதே காலத்தில் இன்னொரு வகைப் பள்ளிக்கூடமும் நடந்தது. ஆதிக்குடிகளின் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிகளில் அடைத்த பள்ளிகள் அவை. 1920இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்பும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. தாய்மொழி பேசினால் தண்டனை. வீட்டுக்கு எழுதும் கடிதத்தை முதலில் பள்ளியார் வாசிப்பார்கள். பிள்ளைக்கு நோய் வந்ததும், சில வேளை பிள்ளை இறந்ததும்கூடப் பெற்றாருக்குச் சொல்லப்படவில்லை. இவற்றையெல்லாம் உண்மைக்கும் மீளிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் தன் இறுதி அறிக்கையில் பதிந்தது. ரொறன்ரோவிலிருந்து அதிக தூரமில்லாத பிரான்ற்ஃபோர்ட்டில் இருந்த மொஹோக் விடுதிப் பள்ளி 1970 வரை நடந்தது. கச்சான் வைக்காதீர்கள் என்று ஒரு தாய்க்குக் கடிதம் எழுதிய நாடு, பிள்ளை இறந்ததை இன்னொரு தாய்க்கு எழுதவில்லை. பள்ளிக்கூடம் பெற்றாருக்குச் செய்தி சொல்வதைச் சாதாரண மரியாதை என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த 1970ஆம் ஆண்டிலேயே ரொறன்ரோ நகரின் நடுவே, ட்ரெபான் கோர்ட் என்ற ஏழைக் குடியிருப்பின் தாய்மார் கல்விச் சபையின் முன் போய் நின்றார்கள். அவர்களின் பிள்ளைகள் 'வாய்ப்பு வகுப்பு' என்ற இனிமையான பெயர் கொண்ட வகுப்புகளுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அது பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்பதும், அங்கிருந்து போகும் பாதை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கல்ல, தொழிற்பயிற்சிப் பள்ளிக்கே என்பதும் பெற்றாருக்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. அடுத்த ஆண்டு, 1971இல், றீஜன்ற் பார்க் பகுதியின் பெற்றாரும் தங்கள் பள்ளியைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் மொக்குகள் இல்லை, பாடத்திட்டம்தான் மோசம் என்பது அதன் சாரம். அவர்களில் பலர் ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தவர்கள். அவர்களுக்கே பள்ளிக்கூடத்தின் ஆங்கிலம் மூடிய கதவாக இருந்தது.

அந்தத் தாய்மாரின் கூச்சலும், இத்தாலியரும் போர்த்துக்கேயரும் கிரேக்கரும் கொடுத்த நெருக்குதலும் சேர்ந்து எழுபதுகளில் ரொறன்ரோக் கல்விச் சபையை அசைத்தன. பன்மொழி அறிவித்தல்கள், மொழிபெயர்ப்பாளர், சமூகத்தோடு தொடர்பு வைக்கும் ஊழியர் என்பவை பழக்கத்துக்கு வந்தன. 1977இல் மாகாண அரசு மரபு மொழி வகுப்புகளுக்கு வழிவிட்டது. சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் படித்த தமிழ் வகுப்பும் அந்த வழியால் வந்ததே. எங்களுக்கு முன்னால் வந்து வெயிலிலும் பனியிலும் வீதி போட்டவர்கள் இதற்கும் வழி போட்டிருந்தார்கள்.

1983க்குப் பிறகு நாங்கள் வந்தோம். சென்ற் ஜேம்ஸ் ரவுணின் மாடி வீடுகளிலும் பிறகு ஸ்காபரோவிலும் குடியேறினோம். தகப்பன் உணவகத்துக் கோப்பை கழுவும் இடத்தில், தாய் தொழிற்சாலையில். கடிதம் வந்தால் அதை வாசித்துச் சொல்பவர் ஆறு வயதுப் பிள்ளை, அல்லது பத்து வயது அண்ணன். நவம்பரில் ரீச்சரைச் சந்திக்கப் போனால் நடுவில் இருந்து மொழிபெயர்ப்பதும் அந்தப் பிள்ளையே. தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தானே தமிழில் சொல்ல வேண்டிய பிள்ளை எதைச் சொல்லும், எதை விழுங்கும்? 'வகுப்பில் கவனமில்லை' என்று ரீச்சர் சொன்னது 'நல்ல பிள்ளையாம்' என்று வந்து சேர்ந்த கதைகளைச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்குள் ஒரு இழப்பு இருக்கிறது. வீட்டின் செய்தியும் அதிகாரமும் பிள்ளையின் கைக்குப் போய்விட்டன. பிள்ளைக்கும் அது சுமை. சிறு வயதிலேயே தாய் தகப்பனுக்குப் பொறுப்பாளியாகிவிடுகிறது.

மொழியைத் தாண்டினாலும் இன்னொரு சுவர் நின்றது. 'எத்தனையாம் பிள்ளை?' என்று கேட்ட எங்களுக்கு இங்குள்ள றிப்போட் பதில் சொல்லவில்லை. 2010 முதல் இலையுதிர் காலத்தில் வரும் முன்னேற்ற அறிக்கையில் மூன்று கட்டங்களே உண்டு: சிரமத்தோடு முன்னேறுகிறது, நன்றாக முன்னேறுகிறது, மிக நன்றாக முன்னேறுகிறது. மூன்றிலும் 'முன்னேறுகிறது' இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைந்துவிடுகிறோம். முதலாவது கட்டத்தில் அடையாளம் இருந்தால் உடனே ரீச்சரைத் தேடிப் போக வேண்டும் என்பது அந்த இனிமையான சொற்களுக்குள் மறைந்திருக்கிறது. ட்ரெபான் கோர்ட் தாய்மாருக்கு நடந்ததும் இதுதான்.

வீட்டுவேலையிலும் அப்படித்தான். முதலாம் வகுப்பில் வீட்டுவேலை கொடுக்கிறார்களில்லை என்று கோபித்துப் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பினோம். 2008இல் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை தன் வீட்டுவேலைக் கொள்கையை மாற்றியபோது, சிறு வகுப்புகளில் வீட்டுவேலை என்பது பெரும்பாலும் வாசிப்பது, விளையாடுவது, குடும்பத்தோடு உரையாடுவது, சேர்ந்து சமைப்பது போன்றவையாக இருக்க வேண்டும் என்றது. இதைவிட எங்களால் செய்யக்கூடிய வீட்டுவேலை வேறென்ன? பருப்பு எண்ணுவதும் கணக்கு. அம்மம்மாவிடம் கதை கேட்பதும் மொழிப் பாடம். அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.

2000இல் வந்த ஒழுங்குவிதி ஒவ்வொரு பள்ளியின் பெற்றார் சபைக்கும் விதிகளை வகுத்தது. ஆலோசனை சொல்லும் உரிமை அதிபரிடமிருந்து கேட்டு வாங்கும் தயவாக இல்லாமல் சட்டமாகியது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, முதலாம் வகுப்பு முழுவதும் திரை வழியாகச் சமையலறை மேசைக்கே வந்தது. ரீச்சர் எப்படிப் பேசுகிறார், எங்கள் பிள்ளை எப்படி மௌனமாக இருக்கிறது என்பதைப் பல பெற்றார் முதல் தடவையாகக் கண்ணால் கண்டார்கள். இப்போது கடிதம் தொலைபேசிக்கு வருகிறது. தொட்டால் ஏதோ ஒரு தமிழில் மாறிவிடுகிறது. பிள்ளையின் முதுகிலிருந்து ஒரு சுமை இறங்கியிருக்கிறது.

ஆனால் வாசிப்பது பாதி வேலைதான். 1850இன் பகிரங்கப் பரீட்சை முதல் இன்றைய தொலைபேசிச் செய்தி வரை, சொல்வது பள்ளிக்கூடம், கேட்பது வீடு. ட்ரெபான் கோர்ட்டின் தாய்மார் திருப்பிப் பேசிய பிறகுதான் அந்தத் திசை கொஞ்சம் மாறியது. ஆகவே நாங்களும் திருப்பி எழுத வேண்டும். பிள்ளை இரவில் நித்திரை கொள்வதில்லை, ஊரில் குண்டுவீச்சைப் பார்த்த அப்பப்பா இப்போது எங்களோடு இருக்கிறார், பிள்ளை வீட்டில் நன்றாகப் பேசும் என்பவை ரீச்சருக்குத் தெரியாத செய்திகள். உடைந்த ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழில் எழுதி, மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். சந்திப்புக்குப் பிள்ளையை நடுவில் இருத்தாமல் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம்.

கையொப்பம் என்பது கிடைத்தது என்பதற்கான பற்றுச்சீட்டு மட்டுமாக இருந்தால் அதை யாரும் போடலாம். பத்து வயது அண்ணனும் போட்டிருக்கிறான். அதற்கு மேலே எங்கள் கையால் இரண்டு வரி இருந்தால், அது பெற்றாரின் கையொப்பம்.