பரணில் கிடந்த வரலாறு

1945க்குப் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆஸ்திரியக் குடும்பங்களில் ஒரு வழக்கம் நிலைத்திருந்தது. நாஜிக் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை. போர் தந்த மனக்காயம்தான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அரசியலில்தான் தேட வேண்டும். 1943 நவம்பரில் நேச நாடுகள் வெளியிட்ட மாஸ்கோ பிரகடனம், ஹிட்லரின் ஆக்கிரமிப்புக்கு முதலில் பலியான நாடு ஆஸ்திரியா என்றது. ஹிட்லர் பக்கம் நின்று போரிட்ட பொறுப்பிலிருந்து அது தப்ப முடியாது என்றும் சேர்த்தே சொன்னது. போருக்குப் பின் வந்த அரசுகள் முன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்னதை நழுவவிட்டன. 1955 மே 15 அன்று வியன்னாவின் பெல்வெடெர் மாளிகையில் நாட்டின் விடுதலை உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் முன்னுரையில் இருந்த பொறுப்பு வாசகம், வெளியுறவு அமைச்சர் லியோபோல்ட் ஃபிகிள் கேட்டுக்கொண்டதால், முந்தைய நாள்தான் நீக்கப்பட்டது. நாடே இப்படிக் கணக்கை முடித்துக்கொண்ட பிறகு, வீட்டில் எந்தத் தகப்பன் பழைய ஏட்டைப் புரட்டுவான்?

இந்த மௌனத்தின் வரலாற்றை ஆவணக் காப்பகங்களில் எழுதிவிட முடியாது; பேசாமல் விட்டதற்கு ஏது ஆவணம்? அதனால்தான் ஆஸ்திரிய எழுத்தாளர் ஆர்னோ கைகரின் நாவல்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 2005இல் முதல் ஜெர்மன் புத்தகப் பரிசைப் பெற்ற 'நாங்கள் நலமாக இருக்கிறோம்' வியன்னாவில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைத் தனித்தனி நாள்களாக வெட்டிக் காட்டுகிறது. தாத்தா அமைச்சராக இருந்தவர். மருமகன், 1945இல் ஹிட்லர் இளைஞர் படைச் சிறுவனாக வியன்னா தெருக்களில் சண்டையிட்டவன். பிற்பாடு ஆஸ்திரியாவைப் பற்றி ஒரு பலகை விளையாட்டைத் தயாரித்து விற்கப் பார்க்கிறான். நேற்றுவரை துப்பாக்கி பிடித்த பையனின் கையில் நாடு வெறும் விளையாட்டாகிவிடுகிறது. பேரன் பிலிப்புக்குப் பாட்டியின் வீடு வந்து சேர்கிறது. பரணைத் திறந்தால் புறாக்களும் கணுக்கால் புதையும் எச்சமும். குடும்பக் கதை எதுவும் அவனுக்கு வேண்டாம். பழைய சாமான்களை வாரி வெளியே எறிகிறான்.

சாதாரண மனிதர்களின் கதை என்ற பெயரில் குற்றம் மன்னிக்கப்படுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுமார் 65,000 ஆஸ்திரிய யூதர்கள் கொல்லப்பட்ட வரலாற்றில், களைத்துப்போன படைவீரனின் சோகத்துக்கு எவ்வளவு இடம் தருவது? 2018இல் வந்த நாவலில் கைகர் இதை எதிர்கொள்கிறார். மோண்ட்சே ஏரிக்கரையில் காயம் ஆறக் காத்திருக்கும் வீரனின் குறிப்புகளுக்கு நடுவே, வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு ஓடிய யூதர் ஒருவரின் குரலும் ஒலிக்கிறது. முன்னவனுக்கு இளைப்பாற ஓர் ஊர் கிடைக்கிறது, பின்னவருக்கு ஒளியவும் இடமில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், வீரனுக்காக இரங்கினாலும் அவனை விடுவித்துவிட மாட்டார். மனக்காயம் என்ற வாதத்தையும் கைகர் தள்ளிவிடவில்லை. மறதி நோய் கண்ட தன் தந்தையைப் பற்றி 2011இல் எழுதிய நூலில், பதின்வயதில் போருக்குப் போய்ச் சிறைப்பட்டுத் திரும்பியவர், அதன்பின் சுற்றுலாவுக்குக்கூட ஊரைவிட்டு நகர மறுத்ததைச் சொல்கிறார். அத்தகைய மௌனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் மறைவில் மற்றவர்களும் வசதியாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

1986இல் அதிபர் வேட்பாளர் குர்ட் வால்ட்ஹைம் மறைத்துவந்த போர்க்காலம் அம்பலமானபோது இந்த மௌன வழக்கம் ஆட்டம் கண்டது; இருந்தும் அவரையே மக்கள் அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1991 ஜூலையில்தான் பிரதமர் ஃப்ரான்ஸ் வ்ரானிட்ஸ்கி நாஜிக் குற்றங்களில் ஆஸ்திரியர்களின் பங்கை நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பறிக்கப்பட்ட யூதச் சொத்துகளுக்கு இழப்பீடு தரும் ஒப்பந்தம் வாஷிங்டனில் கையெழுத்தானது 2001 ஜனவரியில். பிலிப் பாட்டி வீட்டைக் காலிசெய்வதும் அதே ஆண்டில்தான்.