எண்ணெய்க் கிணற்றிலிருந்து கச்சதீவுக்கு

ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டுக் குசினியில் நீலமும் வெள்ளையும் சுழித்தபடி உருவாகிற மெழுகுதிரிக்கு மூலம் எங்கோ தொலைவில் உள்ள எண்ணெய்க் கிணறு. நிலத்திலிருந்து எடுத்த எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அதன் கனமான பகுதியோடு மெழுகும் சேர்ந்து வருகிறது. அதைக் குளிரவைத்துப் பிரித்து, எண்ணெய்ப் பசையை நீக்கினால் வெள்ளைப் பரஃபின். உலகத்துக்கு அதை அனுப்பும் பெரிய நாடுகளில் சீனாவும் ஒன்று. கொழும்புத் துறைமுகம், ஏ9 வீதி, யாழ்ப்பாணம், பண்ணைப் பாலம், வேலணை என்று கடந்து, கட்டியாகவோ கடைத் திரியாகவோ அது தீவுக்கு வந்து சேருகிறது.

இந்த மெழுகுக்கு முன்னால் தேனீயின் மெழுகு இருந்தது. பூசைப் பீடத்தில் எரிவது தேன்மெழுகாக இருக்கவேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் வற்புறுத்தி வந்தது. யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் இரவுகளில், வீடுகளுக்குள் ஒளித்துப் பூசை வைத்தார். ஒரு சுடர் வெளியே தெரிந்தாலே ஆபத்தான காலம் அது. பரஃபின் வந்தது அதற்கு வெகுகாலத்தின் பின். ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் யங் 1850இல் காப்புரிமை பெற்ற முறையோடுதான் பரஃபின் பெருமளவில் செய்யப்பட்டது. மெழுகுதிரி ஏழை வீட்டுக்கும் எட்டியது.

எட்டியது மறுபடியும் கைவிட்டுப் போனதை எங்கள் தலைமுறை கண்டது. 1990இல் பொருளாதாரத் தடை இறுகியபோது மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி எல்லாம் அரும்பொருள்களாயின. போரில் ஊரை விட்டு வந்து குடாநாட்டில் தங்கிய தீவுப்பகுதிப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் செருகிய நூல்திரி. 2002இல் திறந்த ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் திரும்பவும் மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் மெழுகுதிரியை அழகுக்காக வாங்குவதை யார் நினைத்திருப்பார்கள்? அதனால்தான் சாயம் பூசிய மெழுகுதிரியை வெறும் அலங்காரப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை. வெளிச்சத்துக்குத் தட்டுப்பாடு தீர்ந்த பிறகுதான் அதற்கு நிறம் தேடும் ஆசை வரும்.

அந்த நிறம் ஏறுவது இப்படி. பழைய பால்மாப் பேணிக்குள் மெழுகைப் போட்டு, பேணியை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கவேண்டும். நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. அளவு மீறிச் சூடேறிய மெழுகின் ஆவி தீப்பிடிக்கும். பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து மூடியால் மூடவேண்டும். சாதாரண மெழுகு ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் உருகிவிடும். நிறத்துக்கு எண்ணெயில் கரையும் சாயமே வேண்டும். கேக்குக்குப் போடும் தண்ணீர்ச் சாயம் மெழுகோடு சேராமல் அடியில் முத்து முத்தாகத் தங்கிவிடும். மஞ்சள்தூள் போடலாம் என்று தோன்றும். ஆனால் தூள் அடியில் படியும், திரியை அடைக்கும், ஏறிய நிறமும் வெயிலில் வெளுத்துவிடும். சாயம் கூடினாலும் சுடர் மங்கும். எங்கள் வெக்கைக்கு மெழுகு வளையாமல் நிற்கக் கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பது நல்லது.

இனித்தான் மாபிள் கோலம். ஆழமான பாத்திரத்தில் மெழுகு உறையாத அளவுக்குச் சூடான தண்ணீர். அதன் மேல் நீலத்தில் ஒரு கரண்டி, சிவப்பில் ஒரு கரண்டி. மெழுகு தண்ணீரைவிட இலேசானது என்பதால் நிறங்கள் மேலேயே தாள் போலப் பரவும். ஒரு ஈர்க்கால் மெல்லக் கோடிழுத்துவிட்டு, வெள்ளைத் திரியின் நூலைப் பிடித்து, முறுக்கியபடி உள்ளே இறக்கி உடனே எடுக்கவேண்டும். மிதந்த நிறங்கள் சுழன்று மேலில் ஒட்டிக்கொள்ளும். திரி மிகவும் குளிர்ந்திருந்தால் மேற்பூச்சு பொருக்காக உதிரும். கையில் சற்று வைத்திருந்து இளஞ்சூடு ஏறிய பின் முக்குவதே சரி. அடுத்துக் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு, பளபளப்பு வந்துவிடும். துடைத்து ஒரு நாள் உலரவிட வேண்டும், ஈரம் உள்ளே இருந்தால் எரியும்போது படபடவென்று வெடிக்கும். ஒரே கையால் செய்தாலும் இரண்டு திரிகள் ஒன்றுபோல் வராது.

இப்படி ஒரு திரி வீட்டைவிட்டு எங்கெல்லாம் போகலாம்! ஞானஸ்நானத்துக்கு, முதல்நன்மைக்கு, நத்தார் மேசைக்கு. மே 15 என்றால் நெடுந்தீவு மாவிலித்துறைக்கு. 1985இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களை நினைத்து அங்கே சுடர் ஏற்றுவார்கள். அன்றைக்கு நிறம் தேவையில்லை, வெள்ளையே போதும்.

பெப்ரவரி, மார்ச்சில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா. குடியிருப்பும் குடிதண்ணீரும் இல்லாத அந்தத் தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் படகுகள் வரும். தீவை இலங்கைக்கு உரியதென்று இந்தியா ஏற்ற 1974 உடன்படிக்கைக்குப் பிறகும் இரு கரையாரும் சேர்ந்து கும்பிடுகிற இடம் அது. சிலுவைப்பாதை முடிந்து, இரவில் அந்தோனியாரின் சுருவம் பவனி வரும். திறந்த கடற்காற்று மெழுகுதிரியை நிற்கவிடாது. ஒருவர் திரி அணைந்தால் பக்கத்தில் நிற்பவர் தன் திரியைச் சரித்துக் கொடுப்பார், அவர் அக்கரைத் தங்கச்சிமடமோ இக்கரை நெடுந்தீவோ. அதைக் காண எனக்கு மனம் நிறையும். வண்ணத் திரிகளை அங்கே கொண்டுபோகிறவர்கள் கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்து எடுத்துப்போவது நல்லது.

எரியும்போது உருகிய மெழுகு நூல்வழியே ஏறி ஆவியாகிறது. சுடரில் எரிவது அந்த ஆவிதான். மேலிருந்த நிறம் மெழுகுக் குளத்தில் கலந்து வழியும். முழுதும் எரிந்து தீராது. மிஞ்சிய கட்டைகளை வீசாமல் சேர்த்து, கரியையும் பழைய நூலையும் வடித்து உருக்கினால் எல்லா நிறமும் கலந்து ஒரு மண்ணிறம் வரும். அதைக் குழாய்க்குள் ஊற்றி அடுத்த திரிக்கு உள்தண்டாக்கலாம். முதலில் வெள்ளை மெழுகில் இரண்டு மூன்று முக்கு, பிறகு நீலமும் சிவப்பும் மிதக்கும் தண்ணீரில்.