கிரேலிங் இல்லாத கிரேலிங்

சென்னையில் புளியந்தோப்புக்குப் போய் புளியமரத்தைத் தேடுகிறவர் யாரும் இல்லை. ஊர்ப்பெயர் அப்படித்தான், பெயர் தங்கிவிடும், பெயருக்குக் காரணமானது போய்விடும். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிரேலிங் என்ற சிற்றூரின் கதை கொஞ்சம் வேறுமாதிரி. கிரேலிங் என்பது ஒரு மீன். அந்த மீனைத் தொலைத்த ஊர், தொலைத்ததை மறக்க முடியாமல், அதன் பிறகான நூறு வருடமும் மீனைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சண்டையில் நடுநாயகமாக நிற்பது தூண்டில்காரர்களின் ஒரு சங்கம்.

ஊர் வழியாக ஓடுவது ஆ சாபிள் ஆறு. பிரெஞ்சில் சாபிள் என்றால் மணல். பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற ஆழமான மணல்மேட்டில் பிறக்கிற ஆறு. மழையும் பனியும் மணலுக்குள் இறங்கி, ஊற்றாகத்தான் ஆற்றுக்கு வருகின்றன. அதனால் கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும், பெருவெள்ளமும் அரிது, வறட்சியும் அரிது. கிட்டத்தட்ட 220 கிலோமீட்டர் ஓடி ஹியூரான் ஏரியில் கலக்கிறது.

1870களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. கூடவே சிகாகோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் தூண்டில்காரர்கள் வந்தார்கள். முதுகில் பாய்மரம் விரித்தமாதிரி துடுப்பு கொண்ட கிரேலிங், வெகுளியான மீன். எதைப் போட்டாலும் கடிக்கும். பிடித்ததைப் பனிக்கட்டியில் அடுக்கி நகரத்துக்கு அனுப்பினார்கள். அதைவிடப் பெரிய அடி மரவெட்டிகளிடமிருந்து விழுந்தது. வெள்ளைப் பைன் காடுகளை வெட்டி, அடிமரங்களை வசந்தகாலத்தில் ஆற்றில் உருட்டிவிடுவார்கள். கிரேலிங் முட்டையிடுவதும் அதே வசந்தத்தில்தான். ஆயிரக்கணக்கான மரங்கள் ஆற்றின் அடித்தளத்தையே சுரண்டிக்கொண்டு போனபோது முட்டைகள் எங்கே இருக்கும்? கரையில் நிழலும் இல்லை. போதாக்குறைக்கு வேற்றூர் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1876இல் கலிஃபோர்னியாவின் ரெயின்போ ட்ரவுட் இந்த ஆற்றுக்கு வந்தது. புரூக் ட்ரவுட் வந்தது. 1884இல் ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளில் பொரித்த பிரவுன் ட்ரவுட் பக்கத்து ஆற்றுப்படுகை ஒன்றில் விடப்பட்டு, பிறகு இங்கேயும் பரவியது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச நாளிலேயே ஆ சாபிளில் கிரேலிங் இல்லை. 1930களுக்குள் மிச்சிகன் முழுவதுமே இல்லை.

இதில் ராஸ்மஸ் ஹான்சன் என்ற மனிதரை எனக்கு மறக்க முடியவில்லை. மரவியாபாரி. அந்தக் காடுகளை வெட்டிப் பணக்காரர் ஆனவர். 1914இல் அவரே முன்னின்று ஊரில் ஒரு மீன்குஞ்சு பொரிப்பகம் கட்டினார், கிரேலிங்கைத் திரும்பக் கொண்டுவருவதற்காக! குற்ற உணர்வா, ஊர்ப்பற்றா, சுற்றுலாக் கணக்கா என்பதெல்லாம் அவரவர் ஊகம். கிரேலிங் திரும்பவில்லை. பொரிப்பகம் ட்ரவுட் வளர்க்கும் இடமாக மாறிப்போனது. இந்தப் பொரிப்பகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இனி தூண்டிலைப் பற்றிக் கொஞ்சம். நம்மூர்க் குளத்தில் தக்கை கட்டி, மண்புழு கோத்து உட்காருவது வேறு. ஃப்ளை ஃபிஷிங் என்பது வேறு. இங்கே இரை என்பது முள்ளில் இறகும் நூலும் ரோமமும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. எடையே கிடையாது. எடையில்லாததை எப்படித் தூர எறிவது? எடை நரம்பில் இருக்கிறது. தடித்த நரம்பைத் தலைக்குப் பின்னால் பறக்கவிட்டு, அது முழுதாக நீளும் நொடி வரை காத்திருந்து, முன்னால் வீச வேண்டும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு நரம்பு காதில் சுற்றும்.

பொய்ப்பூச்சி என்பதால் நிஜப்பூச்சியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்த வாரத்தில் எது தண்ணீரிலிருந்து வெளிவரும், எந்த அளவு, என்ன நிறம். இதைத் தனியாளாகக் கற்றுக்கொள்வது கஷ்டம். எனக்குத் தெரிந்து தூண்டில் சங்கங்கள் முளைப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். மிச்சிகனின் நீளமான குளிர்காலத்தில், மேசை விளக்கடியில் கூட்டமாக உட்கார்ந்து பூச்சி கட்டுவார்கள். பெரியவர் விரலைப் பார்த்துச் சின்னவன் கற்றுக்கொள்வான். 1922இல் மேஃபீல்டு என்ற மிச்சிகன் கிராமத்தில் லென் ஹாலடே, நண்பர் சார்லஸ் ஆடம்ஸுக்காகக் கட்டிக்கொடுத்த சாம்பல்நிறப் பூச்சி இன்றைக்கு உலகம் முழுக்க 'ஆடம்ஸ்' என்ற பெயரில் கிடைக்கிறது. அது எந்தப் பூச்சியையும் அச்சாக நகலெடுத்ததல்ல. எல்லாப் பூச்சி மாதிரியும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

ஜூன் கடைசியில் ஆ சாபிளில் ஒரு திருவிழா நடக்கும். ஹெக்ஸ் என்று செல்லமாகச் சொல்லும் பெரிய மேஃப்ளை, மழைக்குப் பின் நம்மூரில் ஈசல் கிளம்புகிற மாதிரி, இருட்டியதும் ஆற்றின் மேல் கூட்டம் கூட்டமாக வரும். பகலெல்லாம் மரவேருக்கடியில் பதுங்கியிருக்கும் பெரிய பிரவுன் ட்ரவுட்கள் அன்றைக்குத்தான் மேலே வரும். மனிதர்கள் இடுப்பளவுத் தண்ணீரில், விளக்கில்லாமல், மீன் வாயைத் திறக்கும் 'களக்' சத்தத்தைக் கேட்டு அந்தத் திசையில் வீசுவார்கள். இன்னும் சிலர் ஆற்றுப்படகில் போவார்கள். மரவெட்டிகள் காலத்து வடிவம் அது. ஒல்லியாக, நீளமாக, பின்னால் ஒருவர் கழியால் ஊன்றிச் செலுத்த, வேகத்தைக் குறைக்க அடியில் ஒரு சங்கிலி இழுபட்டு வரும். காட்டை வெட்டியவர்களின் படகில் உட்கார்ந்துதான் ஆற்றைக் காப்பாற்றுவது பற்றிப் பேசினார்கள்.

அப்படிப் பேசிய இருவர் ஜார்ஜ் மேசனும் ஜார்ஜ் கிரிஃபித்தும். மேசன், நாஷ் கெல்வினேட்டர் கார் நிறுவனத்தின் தலைவர். 1954இல் இறந்தபோது தெற்குக் கிளையாற்றங்கரையில் 1,500 ஏக்கரை மாநிலத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார், காடாகவே விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாத்துகளுக்கு ஒரு பெரிய அமைப்பு இருப்பதுபோல ட்ரவுட்டுக்கும் வேண்டும் என்பது அவர் கனவு. கிரிஃபித்தின் ஆற்றங்கரை வீட்டில் 1959 ஜூலையில் பதினைந்து பதினாறு பேர் கூடினார்கள். ட்ரவுட் அன்லிமிடெட் பிறந்தது அப்படித்தான். இன்று அது அமெரிக்கா முழுவதும் கிளைகள் கொண்ட அமைப்பு.

அவர்கள் எடுத்த முதல் சண்டை விசித்திரமானது. மீன் இல்லையென்று அல்ல, மீன் அதிகம் விடுகிறார்கள் என்று! அந்நாளில் அரசு தொட்டியில் வளர்த்த, பிடிக்கும் அளவுக்கு வளர்ந்த ட்ரவுட்டை லாரியில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டும். லாரிக்குப் பின்னாலேயே ஜனம் வந்து பிடித்துக்கொண்டு போகும். எல்லோருக்கும் சந்தோஷம். கிரிஃபித் குழுவினர் கேட்டது இதுதான்: தொட்டி மீன் கொட்டிக்கொண்டே இருந்தால் ஆறு எப்படி இருக்கிறது என்று யார் கவலைப்படுவார்கள்? ஆறு செத்தாலும் லாரி வருமே. நான்கே ஆண்டுகளில் மிச்சிகன் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. உறுப்பினர்களுக்குக் குறைவான மீன் கிடைக்கும்படி போராடி ஜெயித்த சங்கம் வேறு ஏதாவது உண்டா தெரியவில்லை.

அடுத்த சண்டை இன்னும் கசப்பு. கிரேலிங்குக்குக் கீழே, 'புனித நீர்' என்று தூண்டில்காரர்கள் அழைக்கும் சுமார் 14 கிலோமீட்டர் துண்டு இருக்கிறது. அங்கே ஏற்கெனவே பொய்ப்பூச்சி மட்டும்தான், மண்புழு கூடாது. 1980களின் பிற்பகுதியில், பிடித்த மீனைக் கொல்லவே கூடாது, திரும்ப விட்டுவிட வேண்டும் என்ற விதி பேசப்பட்டது. அதை வாங்கிக்கொடுக்க 1987இல் உருவானதுதான் 'ஆங்லர்ஸ் ஆஃப் த ஆ சாபிள்' என்ற உள்ளூர்ச் சங்கம். தலைமை, ஆற்றங்கரையில் தங்கும் விடுதியும் தூண்டில் கடையும் நடத்திய ரஸ்டி கேட்ஸ்.

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனம் முதலில் எதிர்த்தரப்போடுதான் நின்றது. பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல் முத்தம் கொடுத்துத் திரும்ப விடுவதா? சும்மா விளையாட்டுக்கு ஒரு உயிரின் வாயில் முள்ளைக் குத்துவது, தின்பதற்குக் கொல்வதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? அதோடு இது வர்க்க விஷயமும்கூட. வார இறுதிக்கு ஊரிலிருந்து வருகிறவனுக்கு மீன் பொழுதுபோக்கு. ஆலை வேலை போன ஊர்க்காரனுக்கு அது ராத்திரிச் சாப்பாடு. தாத்தா காலத்திலிருந்து மண்புழு போட்ட இடத்தில் 'இனி நீ மீனைத் தொடக்கூடாது' என்றால் கோபம் வராதா? வந்தது. விதியும் வந்தது, நிலைத்தும்விட்டது.

ஆனால் அதன்பின் அந்தச் சங்கம் செய்ததைப் பார்த்தபோது என் எதிர்ப்பு கொஞ்சம் தளர்ந்தது. ஒவ்வொரு செப்டம்பரும் உறுப்பினர்கள் ஆற்றில் இறங்கி, கோடைக்கால ஜனம் விட்டுப்போன புட்டியையும் டப்பாவையும் பொறுக்குகிறார்கள். மேசன் எழுதிவைத்த காட்டை ஒட்டி எரிவாயுக் கிணறு தோண்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது, கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் 2005இல் இடைக்காலத் தடை வாங்கினார்கள். ஒரு எண்ணெய் நிறுவனம் மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்திகரித்து, ஆ சாபிளின் தலைமடையான கோல்க் ஓடையில் விட முயன்றபோது, மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2010 டிசம்பரில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் ஜெயித்தார்கள். ரஸ்டி கேட்ஸ் அதைப் பார்க்கவில்லை, முந்தைய டிசம்பரிலேயே இறந்துவிட்டார். பார்த்திருந்தாலும் மகிழ்ச்சி நீடித்திருக்காது. தேர்தலில் நீதிபதிகள் மாறினார்கள். நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டதால் வழக்கே செல்லாது என்று 2011 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது. ஓடை தப்பியது, தீர்ப்பு தப்பவில்லை.

சுத்தம் என்பது அவ்வளவு நேர்க்கோடான விஷயமும் இல்லை. கிரேலிங் ஊரின் கழிவுநீர் 1970களின் தொடக்கம்வரை ஆற்றில்தான் போனது. அதை நிறுத்தியபின் பிரவுன் ட்ரவுட்டின் வளர்ச்சி குறைந்தது என்கிறது ஓர் ஆய்வு. சாக்கடை ஊட்டிய பாசி, பாசி ஊட்டிய பூச்சி, பூச்சி ஊட்டிய மீன். பழைய தூண்டில்காரர்கள் 'அந்தக் காலத்து மீன் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடும்போது, அந்தப் பெருமூச்சில் கொஞ்சம் சாக்கடையும் கலந்திருக்கிறது.

இப்போது பொரிப்பகத்துக்கு வருவோம். ஹான்சன் கட்டியது. மாநிலம் நடத்தி, பின் மாவட்டத்தின் கைக்கு வந்து, கோடையில் குழந்தைகள் மீனுக்குத் தீனி போடும் இடமாக இருந்தது. 2012இல் ஒரு தனியார் மீன்பண்ணை அதைக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு மூன்று லட்சம் பவுண்டு ட்ரவுட் வளர்க்க 2014இல் அனுமதி கிடைத்தது. பொரிப்பகத்துத் தண்ணீர் ஆ சாபிளிலிருந்து வந்து ஆ சாபிளுக்கே திரும்புவது. வெளியேறும் இடத்துக்குக் கீழேதான் புனித நீர். மீன் கழிவு, பாஸ்பரஸ், நோய் என்று சங்கம் வழக்கு போட்டது. ஊர் இரண்டுபட்டது. வேலைவாய்ப்பு வேண்டாமா என்றார்கள் ஒரு தரப்பினர். தொட்டி மீனை எதிர்த்துப் பிறந்த பரம்பரை, தொட்டி மீன் கூடத்தையே எதிர்த்து நின்றது. கடைசியில் சமரசம். பண்ணை மூடப்பட்டு, பொரிப்பகத்தை எடுத்து நடத்தும் பொறுப்பு சங்கத்திடமே வந்தது. மறுபடியும் குழந்தைகள், மறுபடியும் தீனி.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டைகளில் 'காட்டு மீன்' என்று அவர்கள் காப்பாற்றுவது எதை? ஜெர்மனிக்காரனை, கலிஃபோர்னியாக்காரனை. ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே முட்டையிடுவதால் அது காட்டு மீன், சரிதான். ஆனால் மண்ணின் மீன் அல்ல. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நூற்றைம்பது வருடம் ஒரு தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததை எப்படி வந்தேறி என்பது? சொல்லப்போனால் அந்த மண்ணில் அனிஷினாபே மக்களைத் தவிர மற்ற எல்லோரும் அதே காலத்தில் வந்தவர்கள்தாம்.

அந்த அனிஷினாபே மக்களின் லிட்டில் ரிவர் பழங்குடி அரசும் மாநில அரசும் சேர்ந்து 2016இல் கிரேலிங்கைத் திரும்பக் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தன. 1980களின் இறுதியில் குஞ்சுகளை விட்டுப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். இந்தமுறை அலாஸ்காவிலிருந்து முட்டை எடுத்து, தாய்மீன்களை வளர்த்து, முட்டைகள் ஆற்றுத் தண்ணீரிலேயே பொரிக்கும்படி கரையோரத்தில் வாளிபோன்ற பொரிகலங்கள் வைக்கிறார்கள். பொரிக்கும்போதே அந்த ஆற்றை நுகர்ந்து அதைத் தன் ஆறாகக் கொள்ளும் என்ற நம்பிக்கை. 2025 வசந்தத்தில் முதல் முட்டைகள் மூன்று பழங்குடி அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

அவை போன ஆறுகள் மானிஸ்டி, போர்டுமன், மேப்பிள். ஆ சாபிள் இல்லை. கிரேலிங் குஞ்சுக்குப் பெரும் சவால் பிரவுன் ட்ரவுட். அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், குஞ்சையும் தின்னும். ஆ சாபிளில் பிரவுன் ட்ரவுட் நிறைய இருக்கிறது, கொழுத்துச் செழித்து. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஒருவரும் அதைக் கொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே.